மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்களுக்கு நாங்கள் காட்டிய இடங்கள்

தம்பி,

உன்னுடைய வருங்கால மாமனாரின், அபியின் அப்பாவின், வலது முழங்காலைக் கெடுத்தவன் நீ. அவர் இங்கே இத்தாலியில், பலேர்மோ விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது இரண்டு காலையும் சமமாக ஊன்றி, பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். நானும் உன் அப்பாவும் நேரில் பார்த்தோம். மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது அபியின் அம்மாவுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, பெட்டியை உன் அப்பா இழுக்க, ஒரு பக்கம் சாய்ந்து போனார். இடையில் நடந்தது உன்னுடைய பட்டியல். லண்டனில் இருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, பலேர்மோவில் கட்டாயம் பார்க்கவேண்டிய ஒன்பது சரித்திர இடங்கள் என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே போகவேண்டிய நேரம், ஒரு வரி விளக்கம். அதற்குக் கீழே பத்தாவதாக ஒரு வரி: வீட்டுப் பக்கம் மட்டும் கூட்டிக்கொண்டு போகவேண்டாம், வீடு திருத்த வேலையில் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மேலே இருந்த ஒன்பதும் அந்தப் பத்தாவது வரியை மறைப்பதற்குத்தான் என்று விளங்க எனக்கு ஒரு முழு நாள் எடுத்தது. உன் அப்பாவுக்கு இரண்டு நாள். அபியின் அம்மாவுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிறகு சொல்கிறேன்.

தொலைபேசியில் சொல்லத்தான் பார்த்தேன். நீ மீட்டிங்கில் இருக்கிறாய். காலையில் மீட்டிங், மத்தியானம் மீட்டிங், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங். கடிதத்தை அப்படி வெட்டமுடியாது. பாதியில் மூடி வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும். இதை உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. நம்முடைய ஆட்கள் வாசிக்கிற இடத்திலும் கொடுக்கப்போகிறேன், ஏனென்றால் நீ செய்ததை இந்த நகரத்தில் பாதிப் பேர் செய்திருக்கிறார்கள், நான் உட்பட. உன் பெயரை எழுதவில்லை. அபி என்பதும் அந்தப் பிள்ளையின் உண்மையான பெயர் இல்லை. ஆனால் அவளும் தமிழ் வாசிப்பாள், வாசித்தால் இது யார் வீட்டுக் கதை என்று அவளுக்குத் தெரியும். ஒரு தாய் மகனை இப்படி மிரட்டலாமா என்று கேட்பாய். மிரட்டுகிறேன்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிற வழக்கம். வருவார்கள், இருப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள். கை கழுவ என்று சாட்டுச் சொல்லி எழும்பி, குளியலறை எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். குசினியில் அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று கண்ணை ஓட்டுவார்கள். அரை மணித்தியால வேலை. வீடு பார்க்க வந்தவர்களுக்கு ஊரைக் காட்டச் சொன்ன முதல் மாப்பிள்ளை நீதான். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று நீ இப்படிப் பயந்தாய்? போர்கோ வெக்கியோவில் நாலாம் மாடி, லிப்ட் இல்லை, இரண்டு அறை, மழைக்கு ஒழுகுகிற ஒரு மூலை. கீழே சந்தைக்காரன் மீன் கழுவிய தண்ணீரை வீதியில் ஊற்றுவான். நீ குசினியில் மடக்குக் கட்டிலில் படுத்துப் படித்து, அங்கிருந்துதான் லண்டன் வரைக்கும் போனாய். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வருகிறது. ஆனால் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஒளிக்கப் பழக்கியவள் நான்.

அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறை, உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல், பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாவில் நான் வேலை செய்கிற வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரி, நம்முடைய சிஞ்ஞோரா, கோடைக்குக் கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தார். பெரிய கூடத்தில் அந்தச் சிவப்பு வெல்வெட் கதிரையைத் துடைத்து, உன்னை அதில் இருத்தி, பின்னால் கண்ணாடித் தொங்குவிளக்கு தெரியும்படி, எங்களைக் கூட்டிப்போக வந்த உன் அப்பா படம் எடுத்தார். நீ பயந்துபோய்க் கதிரையின் நுனியில் இருந்தாய். "நல்லாச் சாஞ்சு இரு, வேலைக்காரியின்ரை பிள்ளை மாதிரி முழிக்காதை" என்று நான் சொன்னேன். அந்த வசனம் என்னுடையது. இத்தனை வருடமாக உனக்கு அது ஞாபகம் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இருக்கிறது போல.

படத்தை யாழ்ப்பாணத்தில் என் சின்னம்மாவுக்கு அனுப்பினேன். இது எங்களுடைய வீடு என்று பின்னால் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. என்னைப்போல எத்தனை பேர். முதலாளிமார் கடலுக்குப் போகிற மாதங்களில் இந்த நகரத்துப் பெரிய வீடுகளின் கூடங்களில் நம்முடைய சனம் சீலை உடுத்து, பிள்ளைகளுக்குத் தலை இழுத்துச் சீவி, பியானோவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறது. அதையெல்லாம் ஊரில் ஒருவர் சேர்த்து வைத்துப் பார்த்தால், சிசிலியை ஆளுகிற பிரபுக்கள் முழுப்பேரும் தமிழர் என்று நினைப்பார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது வேலையா, அல்லது வேலை செய்தும் இவ்வளவுதான் கிடைத்தது என்பதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு லண்டனில் உன் அலுமாரியில் வைத்து, அபியும் அவளுடைய பெற்றோரும் பார்க்கும்படி, இதுதான் பலேர்மோவில் எங்கட வீடு என்று சொன்னது நீ. நான் எழுதாமல் விட்டதை நீ வாயால் சொன்னாய். அதோடு நிற்காமல், அப்பாவுக்கு ரெஸ்டோரண்ட் தொழில், அம்மா வீடுகளை நிர்வகிக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறாய். நிர்வகிக்கிறேன்தான். ஈரத்துணியால்.

அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்றாவது யோசித்தாயா? விமான நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அபியின் அம்மா தான் பள்ளிக்கூடக் குசினியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற வேலை என்றும், தன் கணவர் தபால் கந்தோரில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர் என்றும் சொல்லி முடித்துவிட்டார். இனி நான் சொல்லவேண்டிய முறை. நான் வெயிலைப் பற்றிக் கதைத்தேன்.

முதல் நாள் உன் பட்டியலில் பேராலயம், நோர்மன் அரசரின் மாளிகை, அதற்குள் இருக்கிற சிற்றாலயம். பேராலயத்தின் கூரைக்கு ஏறுகிற சுழல் படிக்கட்டை "கட்டாயம்" என்று எழுதியிருந்தாய். நீ ஏறியிருக்கிறாயா? நாங்கள் ஏறியதில்லை. ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய அகலம். முன்னால் ஒரு ஜெர்மன்காரி, பின்னால் இருபது பேர், நடுவில் அபியின் அப்பா. திரும்ப வழி இல்லை என்பதால்தான் மனிதர் உச்சிக்குப் போனார். மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, நகரம் முழுவதும் தெரிகிறதே, உங்கட வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் வடக்கே லிபெர்த்தாப் பக்கம் கையைக் காட்டினேன். அதே நேரம் உன் அப்பா கடலைக் காட்டினார். இரண்டு கையையும் அபியின் அம்மா பார்த்தார்.

சிற்றாலயத்துக்குள் சுவர் முழுக்கப் பொன். கண்ணாடிச் சில்லுகளில் பொன்னைப் பதித்துப் படம் செய்திருக்கிறார்கள், மேலே மரக்கூரையை அரபுத் தச்சர்கள் செதுக்கியிருக்கிறார்கள். எந்த அரசன் கட்டினான் என்று பலகையில் இருக்கிறது. எந்தத் தச்சன் கழுத்து நோக மேலே பார்த்துச் செதுக்கினான் என்று இல்லை. நான் பொன்னைப் பார்க்கவில்லை, தூசி எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன், இல்லவே இல்லை. பிறகு வெளி நடையில் ஒரு பெண் கூட்டுகிற தும்புக்கட்டையோடு சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றாள். என் கையைப் பார்த்தாள், நான் அவளுடைய கையைப் பார்த்தேன், இருவரும் தலையை ஆட்டிக்கொண்டோம். அவளைத் தெரியுமோ என்று அபியின் அம்மா கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை.

பின்னேரம் அந்தப் பெரிய நீரூற்றுச் சதுக்கம். நகரசபைக்கு முன்னால், உடுப்பில்லாத சிலைகள் வட்டமாக நிற்குமே. நீ "மறுமலர்ச்சிக் காலக் கலை" என்று எழுதியிருந்தாய். சம்பந்தியாகப் போகிற நாலு பேர் அதற்கு நடுவில் நின்று எந்தப் பக்கம் பார்ப்பது என்று யோசி. உன் அப்பா தரையைப் பார்த்தார். அபியின் அப்பா தொலைபேசியைப் பார்த்தார். அபியின் அம்மாதான் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பேருக்கும் உடுப்புத் தைக்க முதலே காசு முடிஞ்சு போச்சுதாக்கும் என்றார். அந்த மனுசியை எனக்குப் பிடித்தது அந்த இடத்தில்தான். அதனால் பொய் சொல்வது இன்னும் கஷ்டமாகப் போனது.

உன் பட்டியலில் எது இல்லை என்பதையும் கவனித்தேன். சாந்தா ரொசாலியா மலை இல்லை. இந்த நகரத்தில் நானும் உன் அப்பாவும் உண்மையில் திரும்பத் திரும்பப் போயிருக்கிற ஒரே இடம் அது. நாங்கள் சைவக்காரர், அவர் கத்தோலிக்கப் புனிதை, அதைப் பற்றி அவருக்கும் கவலை இல்லை எங்களுக்கும் கவலை இல்லை. நீ வயிற்றில் இருக்கும்போது வெறுங்காலோடு ஏறினேன், எங்கள் விசா அட்டை கிடைத்ததற்கு ஏறினேன், உன் சோதனைக்கு ஏறினேன். அதை ஏன் விட்டாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் எதிரே வருகிற இரண்டு பேரில் ஒருவர் தமிழ். நாலு வளைவு திரும்புவதற்குள் யாராவது ஒருத்தி, அக்கா இண்டைக்குச் சிஞ்ஞோரா லீவு தந்தவவோ என்று கேட்டிருப்பாள். நீ புத்திசாலி. அந்தப் புத்தி எங்கே செலவாகிறது என்று பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

இரண்டாம் நாள் பெரிய நாடக அரங்கின் படிகள், அரபுக்காரர் கட்டிய ஸீசா மாளிகை, பிறகு கப்புச்சின் சபையாரின் நிலவறை. தம்பி, கல்யாணம் பேச வந்தவர்களைப் பிணம் பார்க்க அனுப்பினாய். "பலேர்மோவின் தனித்துவம்" என்று மட்டும் எழுதியிருந்தாய். நான் ஏதோ பழைய தேவாலயம் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். படி முடிந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு பக்கச் சுவரிலும் காய்ந்த மனிதர்கள் உடுப்போடு, சப்பாத்தோடு, ஆணியில் தொங்குகிறார்கள். சிலருக்கு மீசை இருக்கிறது. உன் அப்பா சிவசிவா என்று என் கையைப் பிடித்தார். என்னைக் கட்டிய நாளுக்குப் பிறகு வெளி இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அங்கேயும் வரிசை வைத்துத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். குருமாருக்கு ஒரு நடை, பெண்களுக்கு ஒரு நடை, வக்கீல், வைத்தியர் மாதிரித் தொழில்காரருக்கு ஒரு நடை. நான் முழுவதும் நடந்து பார்த்தேன். வீடு கூட்டினவளுக்கு ஒரு நடை இல்லை. அந்த வக்கீல் போட்டிருக்கிற சேட்டைத் தோய்த்து ஸ்திரி போட்டு அவனுக்கு மாட்டிவிட்ட பெண் எந்தக் குழியில் கிடக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது; சேட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. நான் கோபத்தோடு நிற்கும்போதுதான் பின்னால் அபியின் அப்பா, பயத்தை மறைக்க ஏதாவது கதைக்கவேண்டும் என்று, உன் அப்பாவிடம் ரெஸ்டோரண்ட் எப்படிப் போகிறது என்று கேட்டார். உன் அப்பாவுக்குப் பொய் வராது என்பது உனக்குத் தெரியும். பாவம், "சனம் வருகுது அண்ணை, கோப்பை குறையேல்லை" என்றார். எத்தனை பேர் உங்களுக்குக் கீழே வேலை என்று அடுத்த கேள்வி. தனக்குக் கீழே ஒருவரும் இல்லை என்று உன் அப்பா உண்மையைச் சொன்னார். அபியின் அப்பா அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டினார். பிணங்களுக்கு நடுவில் நின்று உன் அப்பா தலை குனிந்ததை நான் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவிச் சுடுதண்ணீரில் கை அவிந்தவர். அந்தக் கைக்கு இருக்கிற மதிப்பை உன் பொய் பறித்தது, நானும் பக்கத்தில் நின்றேன்.

மூன்றாம் நாள் இன்னும் இரண்டு இடம் மீதி. சிவப்புக் குமிழ்க் கூரை உள்ள சின்ன தேவாலயத்தின் படியில் அபியின் அப்பா இருந்துவிட்டார். முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. "இனி ஒரு கல்லும் எனக்குப் பாக்கேலாது தங்கச்சி. தூசி எண்டாலும் பறவாயில்லை, உங்கட வீட்டை போவம்" என்றார். கதிரையைப் பார்த்துவிட்டுப் போனால் போதும், தம்பி சின்னனிலை இருந்து படம் எடுத்த கதிரை என்று அபியின் அம்மாவும் சொன்னார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் என் கைப்பையைப் பார்த்தார். உனக்கு விளங்கியிருக்கும். சிஞ்ஞோரா மொந்தெல்லோக் கடற்கரை வீட்டில், வருவதற்கு இரண்டு மாதம் இருக்கிறது. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற எனக்குக் கதவுத் திறப்புத் தந்துவிட்டுப் போயிருந்தார். ஒரு மணித்தியாலம், இருத்தி, ஒரு கோப்பி கொடுத்து, ஹோட்டலுக்கு அனுப்பிவிடலாம். திருத்த வேலை முடிந்துவிட்டது என்று சொல்லலாம். அந்த யோசனை உன் அப்பாவின் கண்ணில் வந்ததா என் தலையில் வந்ததா என்று அவரிடம் கேட்காதே. என்னுடையது. டாக்சியை மறித்ததும் நான்தான்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். இருபத்தொரு வருடமாக அந்த வீட்டுக்குப் போகிறேன், முன்கதவால் ஒருநாளும் உள்ளே போனதில்லை. முன்கதவுத் திறப்பு என்னிடம் இல்லை என்பதே அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. என்னிடம் இருப்பது பின்படிக்கட்டில், குசினிக் கதவுக்கு. ஆகவே சம்பந்திமாரை வீதிப் பக்கத்துப் பளிங்கு வாசலைக் காட்டி, அதைத் தாண்டி, குப்பைத் தொட்டி இருக்கிற முற்றத்தால் கூட்டிக்கொண்டு போய், பின்படிக்கட்டால் ஏற்றி, குசினிக்குள்ளால் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். இந்தப் பக்கம் குளிர்ச்சி என்று ஒரு விளக்கமும் சொன்னேன். கூடத்துக்குப் போனதும் யன்னல் பலகைகளைத் திறந்தேன். தொங்குவிளக்கு மின்னியது. அபியின் அப்பா சோபாவில் காலை நீட்டினார். அபியின் அம்மா அந்தச் சிவப்புக் கதிரையில் இருந்து கைப்பிடியைத் தடவினார். படத்தில் இருக்கிற அதே கதிரைதான், சந்தேகமே இல்லை. எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

நீங்களும் இருங்கோ என்றார் அபியின் அம்மா. பரவாயில்லை அக்கா என்றேன். கோப்பி கொண்டுவந்தேன், கொடுத்தேன், தட்டைப் பிடித்தபடி சுவரோரம் நின்றேன். இருங்கோவன் என்றார் மறுபடியும். நான் இருக்கத்தான் நினைத்தேன் தம்பி. சோபா இரண்டு அடியில் இருக்கிறது. முழங்கால் மடியவில்லை. அந்தக் கூடத்தில் நான் முழங்காலில் நின்று தரை துடைத்திருக்கிறேன், ஏணியில் ஏறி விளக்கின் ஒவ்வொரு கண்ணாடியையும் கழற்றித் துடைத்திருக்கிறேன், இருந்ததில்லை. உன் அப்பா கதவடியில், கம்பளத்துக்கு வெளியே, சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் இரண்டு பேரும் நிற்கிறோம், விருந்தாளிகள் இருக்கிறார்கள். அபியின் அம்மா மெதுவாக என் காலைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். குசினிக் கதவுக்குப் பின்னால் நான் வேலைக்கு வைத்திருக்கிற றப்பர் செருப்பை, வந்தவுடன் பழக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

"எத்தினை வருசமா இஞ்சை வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"இருபத்தொரு வருசம் அக்கா" என்றேன்.

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். முதல் நாள் கூரையில் நின்று இரண்டு பேரும் இரண்டு பக்கம் கை காட்டினபோதே நினைத்தேன் என்றார். அபியின் அப்பா கண்ணைத் திறந்து, "அப்ப நான் இதிலை இருந்து எழும்ப வேணுமோ?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, பிறகு நாலு பேரும் சிரித்தோம், பிறகு எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து கூடத்தைப் பழையபடி ஆக்கினோம். குஷன் எந்த மூலை மேலே நின்றது என்று அபியின் அம்மா கேட்டுக் கேட்டு வைத்தார். அபியின் அப்பா நோகிற காலை நீட்டியபடி தரையில் இருந்து, கம்பளத்தின் நூல் குஞ்சங்களைக் கையால் சீவி நேராக்கினார். உன் அப்பா கோப்பைகளைக் கழுவினார். மூன்று நாளில் அவர் நிமிர்ந்து நின்றது அந்தத் தொட்டிக்கு முன்னால்தான்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாலு மாடி. ஒவ்வொரு மாடியிலும் அபியின் அப்பா நின்று, இதுவோ என்று நம்பிக்கையோடு கேட்டார். இரண்டாம் மாடியில் உல்லாசப் பயணிகளுக்கு விடுகிற அறையின் கதவில் திறப்புப்பெட்டி தொங்குகிறதைப் பார்த்து, இஞ்சையும் ஹோட்டல் இருக்கே, அப்ப ஏன் தம்பி எங்களை அந்த ஹோட்டலிலை போட்டவர் என்றார். அந்த அறையில் முன்பு யார் இருந்தார்கள், வாடகை ஏறி எங்கே போனார்கள் என்பது உன் பட்டியலில் வராத சரித்திரம். அதைப் படியில் நின்றபடி சொன்னேன், அவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. வீட்டுக்குள் வந்ததும் அபியின் அம்மா கை கழுவப் போனார். வழக்கத்துக்கு அதிகமான நேரம் எடுத்தார். திரும்பி வந்து குளியலறை பளிச்சென்று இருக்கு என்றார். அதுதானே என்ரை தொழில் என்றேன். மூன்று நாளில் முதல்முறையாக வாய் கூசாமல் வந்தது. உன் அப்பா மீன் வாங்கிவந்தார், நான் குழம்பு வைத்தேன், உன் மடக்குக் கட்டிலை விரித்து அபியின் அப்பாவின் காலை அதில் தூக்கி வைத்தோம்.

சாப்பிட்டு முடிந்த பிறகு அபியின் அம்மா ஒரு கேள்வி கேட்டார். அபிக்குத் தெரியுமோ என்று. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். தெரியாது என்றேன். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது.

"வீடு சின்னன் எண்டு நான் என்ரை பிள்ளையைக் குடுக்காமல் விட மாட்டன்" என்றார். "ஆனா தாய் தேப்பனை ஒளிக்கிறவர் நாளைக்கு என்ரை பிள்ளையையும் எங்கையாவது ஒளிப்பார். நாங்கள் அவளுக்கு ஒரு சொல்லும் சொல்ல மாட்டம். அவர் சொல்லட்டும். சொன்னாப் பிறகு கல்யாணக் காட் அடிப்பம்."

அபியின் அப்பா கட்டிலில் இருந்தபடி ஓம் என்று தலையை ஆட்டினார். உன்னைத் திட்டியிருந்தால் நான் உனக்காகச் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் அந்த மனுசி சொன்னதில் எனக்குச் சண்டை பிடிக்க ஒரு இடமும் கிடைக்கவில்லை.

அவர்கள் போன மறுநாள் நான் மொந்தெல்லோவுக்கு பஸ் எடுத்துப் போய்ச் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். சொல்லாமலும் விட்டிருக்கலாம், குஷன்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுத நினைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் விடமுடியாது. தொண்ணூறு வயதுக் கிழவி விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல கோப்பையில்தானே கோப்பி கொடுத்தாய் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அவருடைய மகள் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை தொலைபேசி எடுத்து, மிகவும் மரியாதையாக, என்னில் சந்தேகம் எதுவும் இல்லை என்று மூன்று தடவை சொல்லி, திறப்பைத் திருப்பித் தரும்படி கேட்டார். கொடுத்துவிட்டேன். இருபத்தொரு வருடத்தில் அந்த வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. இப்போது பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குக் காவல்காரனிடம் போய்க் கேட்டு, அவன் கதவைத் திறந்துவிட்டு என் பின்னால் நிற்க, ஊற்றிவிட்டு வருகிறேன். பிழை என்னுடையதுதான். அடுத்தவருடைய வீட்டை என்னுடையது என்று காட்டினேன், அதற்கு விலை கொடுத்தேன். நான் என் பங்கைச் சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகு எனக்கு ஒன்றும் குறையவில்லை, ஒரு திறப்பைத் தவிர.

உன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. உன் கந்தோரில் எல்லாரும் தாய் தகப்பன் பற்றிக் கதைக்கும்போது நீ என்ன சொல்வாய் என்று நான் யோசித்திருக்கிறேன். உலகம் அப்படித்தான் வைத்திருக்கிறது: ஒரு மாளிகையைக் கட்டுவித்தவனைப் பார்க்க வரிசையில் நிற்கும், அதைத் துடைக்கிறவள் வந்தால் ஓரமாகப் போ என்று சொல்லும். அந்த உலகத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை நீ சின்ன வயதில் கண்டிருந்தால் வேறு மாதிரி வளர்ந்திருப்பாய். நான் கோபத்தைக் காட்டாமல் கதிரையைக் காட்டினேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் என் மன்னிப்பை எடுத்து உன் பொய்க்குப் பாய் விரிக்காதே. உனக்கு இப்போது ஒன்பது வயது இல்லை. சாய்ந்து இரு என்று உன்னை யாரும் பிடித்து இருத்தவில்லை.

அவர்கள் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. மூன்று தடவை தொலைபேசியில் கேட்டேன். முதல் தடவை, சொல்லுறன் அம்மா, நேரம் பாத்துச் சொல்லுறன் என்றாய். இரண்டாம் தடவை, உங்களுக்கு லண்டன் தெரியாது என்றாய். மூன்றாம் தடவை தொலைபேசியை உன் அப்பா வாங்கிக் கேட்டார், நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் எழுதியும் கேட்டேன், நீ பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது, கோடுகளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அபி நேற்று எனக்குத் தொலைபேசி எடுத்தாள். கல்யாண அழைப்புக் காட்டில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் என்ன போடுவது மாமி என்று கேட்டாள். நான், உன்னைக் கட்டப்போகிறவரிடம் கேள் பிள்ளை என்று சொல்லி வைத்தேன். அவள் உன்னிடம் கேட்டிருப்பாள். நீ இந்த நேரம் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பாய், அல்லது இதை வாசித்துக்கொண்டு சொல்லாமல் இருப்பாய்.

நீட்டி எழுதிவிட்டேன், கேட்பது கொஞ்சம்தான். எழும்பு. அவள் எந்த அறையில் இருக்கிறாளோ அங்கே போ. என் அப்பா கோப்பை கழுவுகிறார், என் அம்மா வீடு துடைக்கிறாள் என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு எனக்கு எடு. நான் தொலைபேசியைக் கையில் வைத்திருக்கிறேன். எப்போது சொல்லப்போகிறாய்?